மூன்றாம் வகுப்பு மட்டும்

“எங்கட மூத்தம்மா மூணாம் வகுப்பு மட்டும் படிச்சவ” என்று நமது கரையோரத்தில் சொல்வதை வெளியூரார் கேட்டால் பொருள் மாறிப்போகும். ஒன்றையும் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றை மாத்திரம் படித்தாரோ என்று நினைப்பார்கள். நமது பேச்சில் ‘மட்டும்’ என்றால் ‘வரை’. இந்த நூற்றாண்டு மலரில் பாடசாலையின் தோற்றத்தையும் அதிபர்களையும் கட்டடங்களையும் பற்றிச் சகோதரிகள் பலர் எழுதுகிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது ஒரேயொரு வகுப்பு. நமது அம்மம்மாமார், மூத்தம்மாமார் பலரின் படிப்பு நின்ற இடம் அதுதான். இன்று எந்தப் பிள்ளையும் அங்கே பாடசாலையை விட்டு விலகுவதில்லை. ஆனால் வாங்கில் உட்கார்ந்தபடியே படிப்பு நின்றுபோகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அது பெரும்பாலும் மூன்றாம் வகுப்பிலேயே நிகழ்கிறது. அதனால்தான் இந்த வகுப்பின் கதை.

நூறு ஆண்டுக்கு முன் அம்பாறை மாவட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. 1961 இல் பிரிக்கப்படும் வரை கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், நமது வினாயகபுரம் இருக்கும் மண் எல்லாமே மட்டக்களப்பின் தென்பகுதி. அக்காலத்தில் இங்கே எழுத்தறிவு இரண்டு வாசல்களால் வந்தது. தமிழ் வீடுகளுக்குத் திண்ணைப் பள்ளி. மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஏட்டுக்குப் போய், ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் மனனம் செய்தார்கள். அச்சுப் புத்தகம் பரவிய பின் ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் வந்தன. முஸ்லிம் வீடுகளுக்கு ஓதப்பள்ளி. ஆண் பிள்ளைகள் லெப்பையிடம் போக, பெண் பிள்ளைகள் அயலில் ஓதிக்கொடுக்கும் ஒரு பெண்ணிடம் போய் அலிஃப், பே தொடங்கிக் குர்ஆன் ஓதக் கற்றார்கள். அதே எழுத்தைக் கொண்டு அரபுத் தமிழில் எழுதப்பட்ட மார்க்க நூல்களையும் மாலைகளையும் வாசித்தார்கள். தமிழ் நெடுங்கணக்கில் ஓரெழுத்தும் அறியாத மூத்தம்மா ஒருவர் தமிழ் நூலொன்றைத் தடையின்றி வாசித்திருக்க முடியும். அவரைப் படிக்காதவர் என்று சொல்வது நியாயமா என்பது வேறு விவாதம்.

‘மூன்றாம் வகுப்பு’ என்ற சொல் இந்த இரண்டு வாசலாலும் வரவில்லை. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்ததிலிருந்து தொடங்கிய மிஷன் பள்ளிகளின் வழியிலும், 1869 இல் அமைந்த பொதுப் போதனைத் திணைக்களத்தின் வழியிலும் அது வந்தது. பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவி நன்கொடை கொடுத்தது, ஆனால் பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் கணக்குப்படிதான் கொடுத்தது. இங்கிலாந்தில் 1862 இல் கொண்டுவரப்பட்ட விதிக்கோவையின் அச்சில் வார்க்கப்பட்ட முறை அது. ‘ஸ்டாண்டர்ட்’ என்று நமது பெரியவர்கள் சொன்ன சொல்லும் அந்தக் கோவையின் சொல்லே. ஒன்றாம் ஸ்டாண்டர்ட் முதல் ஆறாம் ஸ்டாண்டர்ட் வரை எந்தப் பிள்ளை எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று அதில் அட்டவணை போட்டிருந்தார்கள்.

அந்த அட்டவணையில் மூன்றாவதற்கு என்ன கேட்டார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பள்ளியில் பயன்படும் வாசிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு சிறு பந்தியை வாசிக்க வேண்டும். அதே பந்தியிலிருந்து ஒரு வாக்கியத்தை ஆசிரியர் மெதுவாக ஒருமுறை வாசித்துவிட்டுச் சொல் சொல்லாகச் சொல்ல, அதை எழுத வேண்டும். கணக்கில் சிறு வகுத்தல் வரை செய்ய வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பழைய அட்டவணை கேட்ட மூன்றும் இன்று நமது பேரப்பிள்ளைகளின் கொப்பிகளிலும் கிடக்கின்றன. ஒரு பந்தி, ஒரு சொல்வதெழுதுதல், ஒரு வகுத்தல்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பள்ளியே நடுங்குமாம். பிள்ளை திக்கினால் பள்ளிக்குப் பணம் குறையும் என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? பந்தியை மனனம் செய்விப்பார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ‘வாசித்த’ பிள்ளைகளின் கதை அந்தக் காலப் பள்ளிகளைப் பற்றிப் பல நாடுகளில் சொல்லப்படுகிறது. மனனத்தை வாசிப்பு என்று எண்ணிவிடும் பழக்கம் அந்த முறையோடு போய்விட்டது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

பெண் பிள்ளைகள் ஏன் அந்த வகுப்போடு நின்றார்கள்? கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விடை கிடைக்கும். அடுத்த பிள்ளை பிறந்துவிட்டது, அதைத் தூக்க ஆள் வேண்டும். வேளாண்மை வெட்டு வந்துவிட்டது. மேல் வகுப்புக்கு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். ஆசிரியர் ஆண். மிஷன் பள்ளிக்கு விட்டால் மார்க்கமும் சமயமும் போய்விடும் என்ற பயம் இரு சமூகத்துக்கும் இருந்தது. பெரிய பிள்ளையாகும் வயது நெருங்குகிறது என்பது எல்லாவற்றுக்கும் மேலான காரணம். எழுதப் பழகினால் கடிதம் எழுதிவிடுவாள் என்றும் சொல்வார்களாம். வாசிப்பைப் பொறுத்துக்கொண்ட வீடுகள் சில எழுத்துக்கு அஞ்சியிருக்கின்றன. கண்டியில் அறிஞர் சித்திலெப்பை (1838–1898) முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்று பாடுபட்டது இந்த அச்சத்துக்கு எதிராகத்தான். நமது பக்கத்தில் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892–1947) கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் கற்றவர். துறவியாகி ஊர் திரும்பிய பின், 1920களின் நடுப்பகுதியிலிருந்து இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கவனித்து, சொந்தச் சமயத்துக்குள் நின்றே படிக்கலாம் என்ற நம்பிக்கையைப் பெற்றோருக்குக் கொடுத்தார்.

1942 இல் யுத்தகால உணவு உற்பத்திக்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார் ஏ.எம்.ஏ. அஸீஸ். வந்த வேலை நெல். ஆனால் இங்குள்ள பிள்ளைகளின் படிப்பு நிலை அவரை உலுக்கியது. கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவர் காலத்தில் தோன்றியது. விபுலானந்த அடிகளோடு நெருங்கிப் பழகியதும் இங்கேதான். கொழும்புக்குத் திரும்பிய பின் 1945 இல் அவர் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியின் வேர் கல்முனையில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லலாம். அதே 1945 இன் ஒக்டோபர் மாதம் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழியானது. நமது தாய்மாரின் தலைமுறை மூன்றாம் வகுப்பைத் தாண்டிப் போனது இந்தக் கதவால்.

அதற்குப் பிறகு வந்தவற்றை விரைவாகவே சொல்லலாம். 1960, 61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1980 இல் இலவசப் பாடநூல், 1993 இல் இலவசச் சீருடை. ‘மூன்றாம் வகுப்பு’ நமது காலத்தில் ‘ஆண்டு மூன்று’ ஆனது, பிறகு ‘தரம் மூன்று’ ஆனது. இதற்கிடையில் 1978 நவம்பர் 23 இன் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 1985 இலும் 1990 இலும் இரு சமூகத்துப் பிள்ளைகளும் புத்தகப் பையோடு அகதிகளானார்கள். 2004 டிசம்பர் 26 விடுமுறைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை, அதனால் பிள்ளைகள் வகுப்பறைகளில் இருக்கவில்லை. ஆனாலும் ஜனவரியில் புதிய வகுப்பு தொடங்கியபோது வராத பெயர்களை வரவு இடாப்பில் அழைத்த ஆசிரியைகள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அந்த வருடம் மூன்றாம் தரத்தில் என்ன படிப்பித்தோம் என்று கேட்டால், “இருக்க வைத்தோம், அதுவே பெரிது” என்பார்கள்.

இனி இன்றைய தரம் 3. 1997 இன் கல்விச் சீர்திருத்தத்தில் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தார்கள். தரம் 1, 2 முதலாவது. தரம் 3, 4 இரண்டாவது. தரம் 5 மூன்றாவது. முதல் நிலையில் விளையாட்டுக்கு முதலிடம். இரண்டாம் நிலைக்கு வந்ததும் விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையும் ஏறக்குறைய சம பங்காகின்றன. வீட்டில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. டிசம்பரில் பாட்டும் ஆட்டமுமாக இருந்த பிள்ளை ஜனவரியில் மேசைக்கு முன் அதிக நேரம் இருக்க வேண்டியதாகிறது. முதல் இரண்டு தரங்களில் பேச்சாக மட்டும் வந்த ஆங்கிலம் தரம் 3 இல் பாடநூலோடு முறையான பாடமாக வருகிறது. கணிதத்தில் மூவிலக்க எண்கள், இனமாற்றிக் கூட்டல் கழித்தல், பெருக்கல், பங்கிடுதல், காசு, நேரம், நீளம். தமிழில் பந்தியை உரத்தும் மௌனமாகவும் வாசித்து, வாசித்ததைப் பற்றிக் கேட்டால் சொல்லவும் எழுதவும் வேண்டும். சமயமும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளும் உண்டு. இரண்டுமே வாசிப்பின் மேல் ஏறி நிற்கும் பாடங்கள். அது வரை பிள்ளை வாசிக்கப் படித்தது, இப்போது படிப்பதற்காக வாசிக்க வேண்டும். இந்தத் திருப்பத்தில் தடுக்கிய பிள்ளைக்கு அதன்பின் எல்லாப் பாடமும் ஒன்றாகத் தடுக்கும்.

இது நமது நாட்டில் மாத்திரம் கண்ட விடயமல்ல. அமெரிக்காவில் டொனால்ட் ஹெர்னாண்டஸ் என்ற சமூகவியலாளர் ஏறக்குறைய 4,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் தரத்தில் சரளமாக வாசிக்காத பிள்ளை உரிய காலத்தில் உயர்தரப் பாடசாலையை முடிக்காமல் போகும் வாய்ப்பு மற்றவரைவிட நான்கு மடங்கு என்று கண்டார். நமது நாட்டுக் கணக்கு இன்னும் கசப்பானது. 2021 இன் இறுதியில் தரம் 3 பிள்ளைகளிடையே கல்வி அமைச்சு நடத்திய மதிப்பீட்டில், எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்ச வாசிப்புத் தேர்ச்சியைப் பெற்றிருந்தவர்கள் 100 க்கு 14 பேர். எண்ணறிவில் 100 க்கு 7 பேர். யுனிசெப் இந்த எண்களைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியிருக்கிறது.

யார் அந்தப் பிள்ளைகள்? 2019 ஜனவரியில் தரம் 1 க்கு வந்தவர்கள். ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் நடந்ததை நமது கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அடுத்த தவணை தாமதித்தது. தொடங்கிய பின்னும் பல வாரம் வகுப்பறைகள் அரைவாசி வெறுமையாக இருந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாகப் போய் 2021 ஒக்டோபரில்தான் ஆரம்பப் பிரிவுகள் மீண்டும் திறந்தன. வட்ஸ்அப்பில் வந்த பாடத்தைப் பார்க்க வீட்டில் இருந்த ஒரே கைபேசி வாப்பாவோடு கடலுக்கோ வயலுக்கோ போயிருந்தது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மறுபடியும் மூடல். பிறந்தது பிழையான வருடம் என்பதைத் தவிர இந்தப் பிள்ளைகளிடம் குறையில்லை. ஆனால் 1862 இன் அட்டவணையை இவர்களிடம் நீட்டினால் பெரும்பாலானவர்கள் தேறியிருக்க மாட்டார்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம் என்று பழைய மாணவியர் கூட்டங்களில் நம்மிடம் கேட்கிறார்கள். அநேகமாக அவர்கள் கேட்பது எந்த ரியூசனுக்கு அனுப்பலாம் என்று. தரம் 5 புலமைப் பரிசில் பரீட்சை 1940களில் வந்தது, வறிய கிராமத்துப் பிள்ளையை மத்திய கல்லூரிக்கு அனுப்புவதற்காக. நல்ல நோக்கம், நமது மூத்த சகோதரிகள் சிலரை உயர்த்திய பரீட்சை. இன்று அதற்கான ஓட்டம் தரம் 3 இலேயே தொடங்கிவிடுகிறது. பின்னேரம் பிரத்தியேக வகுப்பு, சனி ஞாயிறும் வகுப்பு, தரம் 5 இன் மாதிரி வினாத்தாள் எட்டு வயதுப் பிள்ளையின் கையில். பந்தியை வாசித்து விளங்கத் தெரியாத பிள்ளைக்கு வினாத்தாள் பயிற்சி கொடுப்பது இன்ஸ்பெக்டர் காலத்து மனனத்துக்குத் திரும்புவதே. தரம் 3 பிள்ளைக்கு ரியூசன் வேண்டாம் என்பது நமது கருத்து. சிலருக்கு இது கோபத்தை வரவழைக்கும் என்று தெரியும்.

வேண்டியது பக்கத்தில் இருந்து கேட்க ஓர் ஆள். நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளை உரத்து வாசிக்கட்டும். தட்டினால் உடனே திருத்தாமல் மூன்று எண்ணிப் பொறுத்துச் சொல்லிக்கொடுங்கள். வாசித்து முடிந்ததும் “என்ன நடந்ததாம்?” என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அது மனனம் அல்லது எழுத்துக்கூட்டல், வாசிப்பு இன்னும் வரவில்லை. பிள்ளை சொல்லும் கதை நமது பேச்சில்தான் வரும். “மறுகா அவன் போயிரிக்கான்” என்று வரும். அதைச் சிரிக்காதீர்கள். கமில் சுவெலபில் என்ற செக் நாட்டுத் தமிழறிஞர் பேச்சுத் தமிழ்களில் இலக்கியத் தமிழுக்கு மிக அண்மையானது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதினார். நமது பிள்ளைகளுக்குப் பாடநூலின் தமிழ் தூரத்தில் இல்லை. “புத்தகத்தில் அதை ‘பிறகு அவன் போயிருக்கிறான்’ என்று எழுதியிருப்பாங்க” என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும். வெட்கப்படுத்தினால் பிள்ளை எழுதுவதையே குறைத்துக்கொள்ளும்.

கணக்குக்கு வீடு பாடசாலையைவிடப் பணக்கார இடம். பன்பாய் இழைக்கும் ஒருவர் பூவுக்கு எத்தனை பன், எத்தனை வரிசை என்று எண்ணுவதும், மருதமுனையில் தறிக்கு நூல் கட்டுபவர் எண்ணுவதும் பெருக்கல்தான். கரைவலை மீனைப் பங்குக்குப் பிரிப்பது வகுத்தல், மீதியோடு. கடைக்கு அனுப்பி மிச்சக் காசை எண்ணி வரச் சொல்லுங்கள். இப்போது நாமே போய் வாங்கி வருகிறோம், பிள்ளை ரியூசனில் காசுக் கணக்குச் செய்கிறது.

நம்மில் வைத்தியத் துறைக்குப் போனவர்கள் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நமது நாட்டில் 1918 இலிருந்து வரும் சேவை. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்க்கிறார்கள். ஆனால் 200 க்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள பாடசாலையில் பார்ப்பது தரம் 1, 4, 7, 10. தரம் 3 இடைவெளியில் விழுகிறது. தரம் 1 இல் நன்றாக இருந்த கண் இரண்டு வருடத்தில் மாறலாம். பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிற பிள்ளை சோம்பேறியாக இருக்க வேண்டும் என்பதில்லை. காது வடிந்து வடிந்து கேள்வி மந்தமான பிள்ளை ‘மரம்’ என்பதையும் ‘மறம்’ என்பதையும் எப்படிப் பிரித்தறியும்? சொல்வதெழுதுதலில் ஒரே மாதிரிப் பிழை விட்டால் முதலில் காதைக் காட்டுங்கள். “மந்தமாக இருக்கிறான், படிப்பில் மனமில்லை” என்று தாய்மார் கூட்டிவரும் பிள்ளைகளில் சிலருக்கு இரத்தச் சோகை, சிலருக்குப் பூச்சி, சிலர் இரவு பதினொரு மணி மட்டும் கைபேசி பார்த்துவிட்டுக் காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்தவர்கள். இவற்றுக்கு மருந்தோ மாற்றோ உண்டு. இவ்வளவும் சரியாக இருந்தும் வருடம் முழுவதும் எழுத்து மாறி மாறித் தெரிகிற பிள்ளைக்கு வாசிப்பில் தனிக் குறைபாடு இருக்கலாம். அதற்கு அடி உதவாது. பிள்ளை நல வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தாய் வீட்டில் இல்லாத பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். நமது கரையோரத்தில் எத்தனையோ தாய்மார் சவூதியிலும் குவைத்திலும் கட்டாரிலும் வீட்டு வேலையில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா அல்லது உம்மம்மா. பெற்றோர் கூட்டத்துக்கு வந்து பின்வாங்கில் இருப்பவர் அவர். “எனக்கு என்ன தெரியும், நான் மூணாம் வகுப்பு மட்டும்தானே” என்று ஆசிரியையிடம் ஒதுங்குவார். மூன்றாம் தரத்துப் பிள்ளைக்கு அந்தப் படிப்புப் போதும். அதுவும் இல்லாத பாட்டிக்குக் காதும் பொறுமையும் போதும், ஏனென்றால் கதை விளங்கியதா என்று கேட்கப் படித்திருக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தாய் எடுக்கும் அழைப்பில், சாப்பிட்டாயா, காசு வந்ததா என்று கேட்ட பின், பிள்ளை அந்த வாரத்துப் பந்தியை வாசித்துக் காட்டட்டும். கேட்கிற தாய்க்கும் அது வேண்டும். பாட்டி கைபேசியைப் பிடித்துக்கொண்டு இருந்தால் சரி.